அமாவாசையன்று நான் அனுப்பிய நிலா

போன் நிறைந்துபோச்சு, புதுசாக ஒரு படம்கூட ஏற மாட்டேங்குது என்று போன லீவில் உன்னிடம்தான் கொடுத்தேன், மகளே. நீ அடுப்படி வாசலில் உட்கார்ந்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தாய். பிறகு சிரித்தாய்.

"எப்பா, என்னப்பா இது? ஒரே டவரு நானூறு வாட்டி! ஒண்ணுல இருட்டு, ஒண்ணுல கிறுக்கு. அழிச்சிரட்டுமா?"

உன் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா டவருக்குக் கல்யாணம் பேசுதாவ போல. மாப்பிள்ளை போட்டோ அனுப்ப வேண்டாமா?" என்றான்.

நான் உன் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டேன். உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து உன் கையிலிருந்து ஒரு மிட்டாயைக்கூட நான் பிடுங்கியது கிடையாது. அப்படியே கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். நீங்கள் இரண்டு பேரும் ராத்திரிச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டீர்கள்.

அதனால் இதை எழுதுகிறேன். நான் ஒன்பதாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்ல வாய் வராது. எழுதினால் பாதியில் எழுந்து போகாமல் இருப்பேன் என்று நினைக்கிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். கல்லிடைக்குறிச்சிக்கு மேற்கே வயலுக்கு நடுவில் நிற்கிற செல்போன் டவருக்குக் காவல். வேலிக்குள் முளைக்கிற புல்லைப் பிடுங்கணும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடுதா என்று பார்க்கணும், டீசல் ஊற்றணும். டவர் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. எரிந்து எரிந்து அணையும். விமானம் இடிக்காமல் இருக்கிறதுக்காம். நம்ம வயலுக்கு மேலே எந்த விமானம் அவ்வளவு தாழப் பறக்குமோ, நான் பார்த்ததெல்லாம் கொக்குதான். ஆனால் சட்டம் சட்டம்தானே. அந்த விளக்கு எரிகிறது என்பதற்குத் தினமும் சாயங்காலம் ஏழிலிருந்து ஏழரைக்குள் ஒரு போட்டோ எடுத்துத் தச்சநல்லூர் ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் போடணும். கீழே கேட்டில் இருக்கிற நம்பர் போர்டும் தெரியணும், மேலே விளக்கும் தெரியணும். என் நம்பரிலிருந்துதான் வரணும்.

கேட்கச் சின்ன வேலை. எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கேட்டில் ஒரு டியூப்லைட் உண்டு. போன் அதைத்தான் பார்க்கும். போர்டு பளிச்சென்று இருக்கும், டவரைக் காணோம் என்று இருக்கும். போர்டை விட்டுவிட்டு மேலே தூக்கினால் இருட்டில் ஒரு சிவப்புக் கோடு. முதல் வாரம் நான் அனுப்பியதைப் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் தம்பி, "அண்ணாச்சி, நீங்க டவர் எடுக்கீயளா, மத்தாப்பு எடுக்கீயளா?" என்று கேட்டான். உன் வயசை விட நாலைந்து வயசு கூட இருக்கும் அவனுக்கு. நல்ல பையன்தான். இதையும் சொல்லிவைக்கிறேன், பின்னால் அவன் மேல் உங்களுக்குக் கோபம் வரக் கூடாது.

எனக்குப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தது உங்க அம்மா. அவள் பன்னிரண்டாவது படித்தவள், என்னை மாதிரி இல்லை. ஒருநாள் என்கூட வரப்பில் நடந்து வந்து, போனை வாங்கிப் பார்த்தாள்.

"என்னங்க இது, வேர்வையில வழிஞ்ச குங்குமம் மாதிரி இருக்கு?"

"காத்து அடிக்குதுட்டி. நான் என்ன செய்ய?"

"காத்து இல்ல. நீங்க அமுக்குத அமுக்குல போனே நடுங்குது. மூணு எண்ணிட்டு அதுவா எடுக்கும்படி வெச்சிட்டு, கைய எடுத்துருங்க."

கேட் தூணுக்கு எதிரே மதகுக் கல் ஒன்று உண்டே, அதன் மேல் போனைச் சாய்த்து வைத்தாள். பின்னால் ஒரு செங்கல் துண்டை முட்டுக் கொடுத்தாள். திரையில் விளக்கு இருக்கிற இடத்தில் விரலை வைத்தாள். ஒரு சின்னச் சூரியன் வந்தது. அதைக் கீழே இழுத்தாள். டியூப்லைட் அடங்கிவிட்டது, டவரின் கம்பி கம்பியாகத் தெரிந்தது. இருட்டில் எடுக்கிறதுக்கு என்று ஒன்று இருக்கிறதே, அதில் வைத்தால் போன் மூன்று வினாடி கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளும். அதற்குள் விளக்கு எப்படியும் ஒரு தடவை எரிந்துவிடும். மூன்று வினாடியும் நாங்கள் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். நாங்கள் மூச்சு விட்டால் போன் ஆடிவிடுமா என்ன? ஆனாலும் நின்றோம்.

அதற்குப் பிறகு என் போட்டோதான் குரூப்பிலேயே தெளிவு. மற்ற காவல்காரர்கள் எனக்குப் போன் போட்டு எப்படி என்று கேட்பார்கள். நான் சூரியனைக் கீழே இழுங்க வே என்று பெரிய ஆள் மாதிரி சொல்லுவேன்.

பிறகு அம்மாவுக்கு வயிற்றில் நீர் கட்டியது. முதலில் வாயு என்றோம். வைகாசி கடைசியில் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நீ நாகர்கோவில் ஹாஸ்டலில், தம்பி பள்ளிக்கூட ஹாஸ்டலில். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போனீர்கள். நீங்கள் வரும்போதெல்லாம் அவள் தலை சீவி உட்கார்ந்திருப்பாள். அது உங்களுக்காக. மற்ற நாள் எப்படி இருந்தாள் என்பது எனக்கும், கூடவே இருந்து பார்த்துக்கொண்ட உங்க சித்திக்கும்தான் தெரியும்.

பகலெல்லாம் ஓரளவு இருப்பாள். விளக்கு வைக்கிற நேரம் ஆனால் பயம் வந்துவிடும். வார்டில் லைட் எல்லாம் போட்டவுடன், இது எந்த இடம், பிள்ளைகள் சாப்பிட்டாச்சா, ஏன் வீட்டில் விளக்கு ஏற்றவில்லை என்று கேட்க ஆரம்பிப்பாள். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் அரைமணி நேரத்தில் தெளிந்துவிடும். சித்தி பிடித்தால் கேட்காது. ஒருநாள் தெளிந்த பிறகு என்னிடம் சொன்னாள்.

"வெளக்கு வைக்கிற நேரத்துக்கு மட்டும் பக்கத்துல இருங்க. மத்த நேரம் எங்க வேணாப் போங்க."

இருக்கேன் என்று சொன்னேன். சத்தியம் எல்லாம் பண்ணவில்லை. ஆனால் சொன்னேன்.

விளக்கு வைக்கிற நேரம் என்றால் ஏழு மணி. டவர் போட்டோவும் ஏழு மணி. அங்கனயும் இங்கனயும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். எடுத்து அனுப்பிவிட்டுக் கிளம்பினால் போய்ச் சேர எட்டரை. பெண்கள் வார்டில் எட்டு மணிக்கு மேல் ஆம்பளைகளை விட மாட்டார்கள். வேலையை விட்டுவிடலாம்தான். விட்டிருந்தால் நீங்கள் இரண்டு பேரும் ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு வந்திருப்பீர்கள், படிப்பு நின்றிருக்கும். அம்மா அதற்குச் சம்மதிக்கவே இல்லை.

அப்போதுதான் நான் ஒரு தப்புச் செய்தேன். ஆனி மாதம் போய் ஆடி பிறந்த சமயம். மேற்கே சாரல் மேகம் இருக்கும், படம் மங்கலாகத்தான் வரும். ஒருநாள் மேகம் கலைந்து நல்ல நிலா. அன்றைக்குச் சித்தியை மட்டும் வைத்துவிட்டு, டவரடியில் நின்று இருபது, இருபத்தைந்து படம் எடுத்தேன். மதகிலிருந்து கொஞ்சம், வரப்பிலிருந்து கொஞ்சம், கால்வாய்க் கரையில் குத்தவைத்துக் கொஞ்சம். தினம் ஒன்றாக ஆஸ்பத்திரியில் இருந்தே அனுப்பிவிடலாம் என்று.

மறுநாள் மத்தியானம் அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெருக்கத் தெரியாதவன் பெருக்கிய வாசலைப் பார்க்கிற பார்வை.

"எல்லாத்துலயும் நிலா நிக்கி."

"ஆமா. நல்லாத்தான இருக்கு?"

"நாளைக்கும் நாளான்னைக்கும் இதே நிலா இங்கனயே நிக்குமாங்க? உங்கள எந்தக் கிறுக்கன் காவலுக்கு வெச்சான்?"

ஒரு கையில் ஊசி குத்தியிருந்தது. இன்னொரு கையால் போனைப் பிடித்து, கட்டைவிரலால் ஒவ்வொரு படத்தின் ஓரத்தையும் உள்ளே தள்ளித் தள்ளி நிலாவை வெட்டி எடுத்தாள். டவர் ஒல்லியாக நிற்கிறது இல்லையா, ஓரத்தை வெட்டினால் தெரியாது. சித்தி ஆரஞ்சு உரித்துக்கொண்டே கேட்டாள். "என்னக்கா செய்யுத?" "நிலாவ வெட்டுதேன். இதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கேன்." நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் அம்மா வந்து என்ன என்று கேட்டார்கள். உங்க அம்மா ஆஸ்பத்திரியில் அப்படிச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஒரே ஒரு படத்தில் மட்டும் வெட்ட முடியவில்லை. அதில் நிலா டவரின் கம்பிகளுக்கு நடுவில், உள்ளே மாட்டிக்கொண்ட மாதிரி நின்றது. "இத அனுப்பிராதீங்க" என்றாள். சரி என்றேன். ஆனால் அழிக்கவில்லை. பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே ஓடியது. ஏழு மணிக்கு ஒரு கை அம்மா கையைப் பிடித்திருக்கும், இன்னொரு கை டவரை அனுப்பும். குரூப்பில் யாரோ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். முடிந்தது.

ஆடி அமாவாசை வந்தது. விடியும் முன்னே நம்ம ஊர்ப் படித்துறையில் இறங்கி உங்க தாத்தாவுக்கு எள்ளும் தண்ணியும் விட்டேன். படித்துறையில் நிற்க இடம் இல்லை. பாபநாசம் போகிற பஸ் எல்லாம் பிதுங்கி வழிந்தது. பாளையங்கோட்டைக்கு நான் போய்ச் சேரவே மூன்று மணி ஆகிவிட்டது. அன்றைக்கு அம்மாவுக்குப் பொழுது சாயும் முன்னாலேயே பயம் வந்துவிட்டது. இரண்டு கையாலும் என்னைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. ஏழேகால் ஆகிவிட்டது. எப்படியோ ஒரு கையை உருவி, பார்த்தும் பார்க்காமலும் ஒரு படத்தைத் தொட்டு அனுப்பினேன்.

அஞ்சு நிமிஷத்தில் போன் வந்தது. சூப்பர்வைசர் தம்பி.

"அண்ணாச்சி, காலையில எங்க இருந்தீய?"

"ஆத்துல தம்பி. அப்பாவுக்குத் தண்ணி விட்டேன்."

"எதுக்கு?"

"இன்னைக்கு அமாவாசைல்லா?"

"ஆமா. நானும் பாபநாசத்துல முங்கிட்டுத்தான் வாறேன். ஊருக்கெல்லாம் அமாவாசை, உங்க டவருக்கு மட்டும் பௌர்ணமியா அண்ணாச்சி?"

காலையில் அமாவாசை என்று இடுப்புத் தண்ணியில் நின்றவன் நான். சாயங்காலம் முழு நிலாவை அனுப்பியவனும் நான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் ஆள் வந்து பார்த்தால் உச்சி விளக்கு எரியவே இல்லை. எத்தனை நாளாக எரியவில்லை என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்த நாளெல்லாம் நான் காலையில் மட்டும் வந்து போகிறவன், அண்ணாந்து பார்த்தது இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நாம அனுப்புன வெளக்கெல்லாம் பொய் வெளக்கு" என்றாள். பிறகு, "இனி இது வேண்டாங்க" என்றாள்.

சூப்பர்வைசர் தம்பி என் வேலையைப் பறிக்கவில்லை. மேலே என்ன சொல்லிச் சமாளித்தானோ. ஆனால் ஒரு நிபந்தனை போட்டான். இனிமேல் போட்டோவில் அன்றைக்கு வந்த பேப்பரும் தெரியணும், தேதி வாசிக்கிற மாதிரி. அவனிடம் ஆஸ்பத்திரி விஷயத்தை முழுசாக நான் சொல்லவில்லை. வீட்டில் சுகமில்லை என்று மட்டும் சொன்னேன். சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். கேட்டு வாங்கிப் பழக்கம் இல்லாதவன், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பினேன். முதல் நாள் கிளம்பும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் பையைத் தேடுகிற மாதிரி நின்றேன். அவளே சொன்னாள்.

"குரூப்புக்கு அனுப்பும்போது எனக்கும் ஒண்ணு அனுப்புங்க. இவ போனுக்கு. வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வெளக்கு வரட்டும்."

அப்படித்தான் நடந்தது. நான் மதகில் போனைச் சாய்த்து, கேட்டில் பேப்பரை மாட்டி, சூரியனைக் கீழே இழுத்து, மூன்று வினாடி மூச்சடக்கி எடுப்பேன். ஆபீஸுக்கு ஒன்று, சித்தி போனுக்கு ஒன்று. சித்தி அம்மா முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டுவாள். பதிலுக்கு அம்மா குரலில் ஒரு வரி வரும். "எரியுது." "இன்னைக்கு மேகம் போல." "பேப்பர் தலைகீழா நிக்கி, நல்லா வேலை பார்க்கீங்க போங்க." பயம் நின்றதா என்று சித்தியைத் தனியாகக் கேட்டேன். "நிக்கல அத்தான். ஆனா போட்டோ எப்ப வரும்னு கேட்டுட்டே இருக்கா. அந்த நேரம் போயிருது" என்றாள்.

ஆடி முடியப் போகிற ஒரு நாள். மேற்கே இருந்து காற்று பேயாக அடித்தது. பேப்பர் கேட்டில் நிற்காமல் கிழிந்தது. செங்கல் முட்டுக் கொடுத்தும் போன் சரிந்தது. முதலில் எடுத்ததில் டவரே வளைந்து, விளக்கு ஒரு சிவப்புக் கீறலாக வந்தது. நேரம் ஆகிவிட்டதே என்று அதையே இரண்டு பக்கமும் அனுப்பினேன். ஆபீஸிலிருந்து, தேதி தெரியல அண்ணாச்சி என்று வந்தது. அதற்குப் பின்னாலேயே அம்மா குரல். மூச்சு வாங்கிக்கொண்டு, இடையில் நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருந்தாள்.

"ஆடிட்டுங்க. இன்னொண்ணு எடுங்க. பைய எடுங்க. நான் இங்கனதான கெடக்கேன்."

பைய எடுத்தேன். அவள் சொன்னபடியே அவசரப்படாமல் பைய எடுத்தேன். பேப்பரை மடித்துச் சணலால் கட்டினேன். போனை மதகுக் கல்லுக்கும் செங்கலுக்கும் நடுவில் துண்டைச் சுற்றி இறுக்கினேன். காற்று ஓயட்டும் என்று காத்திருந்தேன். இரண்டு எடுத்து அழித்தேன். மூன்றாவது வந்தது. உச்சி விளக்கு ஊசி குத்திய மாதிரி ஒரு சொட்டு. கம்பி எண்ணலாம். தேதி வாசிக்கலாம். நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். இதைப் பார்த்தால் என்ன சொல்லப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டே அனுப்பினேன்.

ஆபீஸிலிருந்து கட்டைவிரல் வந்தது. அங்கேயிருந்து ஒன்றும் வரவில்லை. வேலியைப் பூட்டினேன். வரப்பில் பாதி வந்தபோது சித்தி கூப்பிட்டாள். கூப்பிட்டவள் பேசவில்லை.

உங்கள் இருவருக்கும் என்ன சொல்லப்பட்டது என்று எனக்குத் தெரியும். நீங்கள் வந்து இறங்கினபோது சித்தி உங்களைக் கட்டிக்கொண்டு, "கஷ்டப்படாமப் போயிட்டாமா, அப்பா பக்கத்துலதான் இருந்தாவ, கையப் பிடிச்சிட்டு இருந்தாவ" என்றாள். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன். சித்தி பிறகு என்னிடம், "பிள்ளைகளுக்கு அப்படியே இருக்கட்டும் அத்தான்" என்றாள். அவள் நல்ல மனசோடு சொன்னது. அவளை ஒன்றும் கேட்காதீர்கள்.

நான் பக்கத்தில் இல்லை. நல்ல படம் எடுத்துக்கொண்டு டவரடியில் நின்றேன். முதல் படத்தை அவள் பார்த்தாள். இரண்டாவது போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் அம்மா கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார்களாம். சித்தி போனை எடுத்துப் பார்க்கவே இல்லை. இது தெரியாமல் நீ, அப்பா கையைப் பிடித்திருந்தார் என்று உன் சிநேகிதிகளிடம் ஒருநாள் போனில் சொல்லிக்கொண்டிருந்தாய். அன்றைக்கு நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அது அந்த நிலா போட்டோவை விடப் பெரிய பொய்.

இரண்டு மாசத்தில் டவரில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டார்கள். விளக்கு அணைந்தால் அதுவே ஆபீஸுக்குச் சொல்லிவிடுமாம். இனி போட்டோ வேண்டாம் அண்ணாச்சி, உங்களுக்கு நிம்மதி என்றான் சூப்பர்வைசர் தம்பி. அவனுக்கு ஒன்றும் தெரியாது. சரி தம்பி என்றேன். ஆனால் விளக்கு வைக்கிற நேரம் வந்தால் கை போனைத் தேடுகிறது. மதகில் சாய்த்து, மூன்று வினாடி மூச்சடக்கி எடுத்துவிடுகிறேன். யாருக்கும் அனுப்புகிறது இல்லை. நீ பார்த்த நானூறும் அப்படிச் சேர்ந்ததுதான்.

அடுத்த தடவை வரும்போது உட்கார்ந்து அழித்துவிடு, நான் பிடுங்க மாட்டேன். அந்த நல்ல படத்தையும் அழித்துக்கொள். டவர் வளைந்து, விளக்கு சிவப்புக் கீறலாக இருக்கிற ஒன்று உண்டு, பேப்பர் கிழிந்து பறக்கும். அதை மட்டும் விட்டுவிடு. அதை அம்மா பார்த்திருக்கிறாள். சித்தி போனுக்கு வாட்ஸப்பில் அனுப்பியதைத் திறந்தால், அதற்குக் கீழே அவள் குரல் இருக்கிறது. கேட்கணும் என்று தோன்றினால் தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள். நான் கொல்லைப்பக்கம் போக மாட்டேன், கூடவே இருக்கிறேன்.